மூன்று கோல் பாக்கி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது. பேச்சு வழக்கு அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "காத்தாடியைப் பத்திப் பேசுதியா, வேலைவாய்ப்பைப் பத்திப் பேசுதியா?" என்று கேட்டார்கள். நான் கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பதால் அந்தக் கேள்வி. "புட்பாலைப் பத்திப் பேசுதேன்" என்றேன். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, இருபது நிமிஷம்தான்" என்றார்கள்.

விஷயம் இதுதான். போன பருவத்தில் நம் கல்லூரி அணி ஒரு நாக்-அவுட் ஆட்டத்தில் இடைவேளையின்போது 0-3 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோதும் 0-3. இரண்டாம் பாதி முழுக்க நம் பையன்கள் பத்துப் பேரும் நம் பெனால்ட்டி ஏரியாவுக்குள்ளேயே நின்றார்கள். "மேற்கொண்டு விழாமக் காப்பாத்திட்டாங்க, கௌரவமான தோல்வி" என்று கேலரியில் நம்மில் பலர் கை தட்டினோம். அந்த அணியில் ஆடிய ஒரு தம்பி பிறகு என்னிடம் கேட்டான்: "அண்ணே, மூணு கோல் பின்னாடி போயிட்டா திரும்பி வர முடியுமா? ஆறுதல் சொல்லாதீங்க, நிஜத்தைச் சொல்லுங்க."

நிஜம் என்றால் கணக்குப் போட வேண்டும். போட்டேன்.

2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்கள், 172 கோல்கள். ஆட்டத்துக்குச் சராசரி 2.69. இரண்டு அணி, இரண்டு பாதி என்று நான்கால் வகுத்தால் ஒரு அணி ஒரு பாதியில் போடுவது 0.67 கோல். கணக்கு வசதிக்காக 0.7 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் வேண்டியது பாய்சான் பரவல் ஒன்றுதான். இரண்டாம் வருஷம் எல்லோரும் படித்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். அபூர்வமாக, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் நடக்கிற நிகழ்ச்சிகளை எண்ணுவதற்கான சூத்திரம் அது. 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் எண்ணிக்கையை இந்தச் சூத்திரத்தில் பொருத்திக் காட்டினார். ஒரு சீசனில் எத்தனை கியர்பாக்ஸ் பழுதாகும் என்று மதிப்பிட நானும் இதைத்தான் எடுக்கிறேன். கோலும் அந்த ஜாதிதான்.

சம பலமுள்ள இரண்டு அணிகள், இடைவேளையில் 0-3. பின்தங்கிய அணி மீதி 45 நிமிடத்தில் குறைந்தது சமநிலைக்கு வருவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 2. சரியாகச் சொன்னால் 1.9.

ஆக, தம்பி, முடியும். ஐம்பது தடவை இந்த நிலைமை வந்தால் ஒரு தடவை.

இதைக் கேட்டதும் உங்களுக்கெல்லாம் இஸ்தான்புல் ஞாபகம் வரும். 2005 மே 25, ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இடைவேளையில் ஏ.சி. மிலான் 3, லிவர்பூல் 0. பிறகு 54-வது நிமிடம் ஜெரார்ட், 56-ல் ஸ்மிட்சர், 60-ல் அலோன்சோ. ஆறே நிமிடம். கடைசியில் பெனால்ட்டி உதைகளில் லிவர்பூல் ஜெயித்தது. 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் 0-3 என்று கிடந்த போர்ச்சுகலை யுசேபியோ நான்கு கோல் போட்டு 5-3 என்று கரையேற்றினார். 2017-ல் பாரிஸில் 0-4 தோற்றுவிட்டு வந்த பார்சிலோனா சொந்த ஊரில் 6-1 அடித்தது. அதில் கடைசி மூன்று கோல்கள் 88-வது நிமிடத்துக்கு மேல் வந்தவை.

இதெல்லாம் உண்மை. ஆனால் 3-0 என்று இருந்து 3-0, 4-0, 5-1 என்றே முடிந்த ஆயிரக்கணக்கான ஆட்டங்களை யாரும் சிடி போட்டுப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் தன்னம்பிக்கைச் செய்தியாக அனுப்புவதும் இல்லை. அதனால் இஸ்தான்புல்லைக் காட்டி "மனசு வச்சா முடியும்" என்று மாணவர்களிடம் சொல்ல நான் தயாரில்லை. அந்த ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இடைவேளையில் 2 ஆக இருந்த வாய்ப்பு, 54-வது நிமிடம் ஒரு கோல் விழுந்ததும் ஏறக்குறைய 7 ஆகிறது. 56-ல் இரண்டாவது விழுந்ததும் 27. அதாவது மூன்று கோலில் கஷ்டமானது முதல் கோல், அதுவும் சீக்கிரம் வர வேண்டும். 75-வது நிமிடம் வரை பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, "கடைசிப் பதினஞ்சு நிமிஷம் அடிச்சுப் பாப்போம்" என்று கிளம்புவதில் பிரயோஜனம் இல்லை.

நம் நாட்டுக் கதை ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த கதை, ஏனென்றால் இதில் துரத்திய அணி தோற்றது.

2020 ஐ.எஸ்.எல். அரையிறுதி. சென்னையின் எஃப்.சி.யும் எஃப்.சி. கோவாவும். சென்னையின் அந்த சீசனை ஆரம்பித்த விதத்தைப் பார்த்தவர்கள் அரையிறுதி என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஐந்து புள்ளி. பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார். 2019 டிசம்பரில் ஓவன் கொய்ல் வந்தார். அதன்பின் ஏறி ஏறி நான்காவது இடம். கோவாவோ லீக் பட்டியலில் முதலிடம். 18 ஆட்டங்களில் 46 கோல், ஆட்டத்துக்கு இரண்டரைக்கு மேல்.

பிப்ரவரி 29 அன்று சென்னையில் முதல் ஆட்டம். சென்னையின் 4, கோவா 1. மார்ச் 7 அன்று கோவாவில் இரண்டாவது ஆட்டம். கோவாவுக்கு மூன்று கோல் பாக்கி.

இப்போது கணக்கைப் பாருங்கள். சராசரியாக 2.56 கோல் போடுகிற அணி ஒரு ஆட்டத்தில் மூன்றோ அதற்கு மேலோ போடுவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 47. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எனவே கோவாவுக்கு மூன்று கோல் என்பது மலையே இல்லை. அவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். 10-வது நிமிடம் சென்னையின் வீரர் கோயன் காலில் பட்டு சுய கோல். 21-வது நிமிடம் மூர்ததா ஃபால் இரண்டாவது. கூட்டுக் கணக்கு 4-3. இன்னும் ஒரு கோல், கையில் எழுபது நிமிடம். டி.வி. முன்னால் இருந்த நான் எழுந்து போய்விட்டேன், பார்க்கத் தாங்கவில்லை. ரூமில் இருந்தவர்கள் கத்தினார்கள், அதனால் திரும்பி வந்தேன்.

52-வது நிமிடம் சாங்தே. 59-ல் வால்ஸ்கிஸ். சென்னையின் இரண்டு. கூட்டுக் கணக்கு 6-3.

கோவா விடவில்லை. 80-வது நிமிடத்துக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு கோல், பேடியாவும் மறுபடி ஃபாலும். 6-5. மீதி நேரம் முழுக்கச் சென்னையின் கோல் முன்னால்தான் பந்து. ஆனால் அதோடு விசில் ஊதிவிட்டார்கள். கோவா அன்றைக்கு 4-2 என்று ஜெயித்தது, மொத்தத்தில் 5-6 என்று வெளியேறியது.

கவனியுங்கள். மூன்று கோல் பாக்கி என்று வந்தவர்கள் நான்கு போட்டார்கள். அவர்களைக் கொன்றது போட முடியாதது அல்ல, நடுவில் வாங்கிய இரண்டு. வலைப்பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. "மூணு கோல் அடிக்கணும்" என்றே பேசுகிறோம். "மூணு அடிக்கணும், ஒண்ணும் வாங்கக் கூடாது" என்பதுதான் முழு வாக்கியம். (அந்த இறுதி ஆட்டத்தைக் கேட்பீர்கள். மார்ச் 14, கொரோனா காரணமாகக் கேலரியில் ஆள் இல்லாமல் நடந்தது. ஏ.டி.கே. 3, சென்னையின் 1. அந்த சீசனில் ஏ.டி.கே. அணியில் நம் பக்கத்துக் குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் இருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

சரி, நம் பையன்களுக்கு வருவோம். கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

பின்தங்கிய அணி, தடுப்பாட்டக்காரர் ஒருவரை எடுத்துவிட்டு முன்னணிக்கு ஒருவரை இறக்குகிறது, பேக்குகள் நடுக்கோடு வரை ஏறி நிற்கிறார்கள் என்று வையுங்கள். நாம் கோல் போடும் வேகம் இரட்டிப்பாகிறது, 0.7 என்பது 1.4. ஆனால் பின்னால் திறந்து கிடப்பதால் எதிரணியின் வேகமும் அதே அளவு இரட்டிப்பாகிறது, அவர்களுக்கும் 1.4. பார்க்கப் போனால் லாபமும் நஷ்டமும் சமம்தானே, அப்புறம் எதற்கு இந்த வேலை?

சமம் இல்லை. சமநிலைக்கு வரும் வாய்ப்பு 2-லிருந்து 6-க்குப் போகிறது. மூன்று மடங்கு! ஆட்டம் கலங்கினால் பின்னால் நிற்பவனுக்குத்தான் லாபம். முன்னால் நிற்பவனுக்கு ஆட்டம் தெளிந்து, அடங்கி, பந்து டச் லைனுக்கு வெளியே கிடப்பதே நல்லது.

விலை என்ன? இன்னும் மூன்றோ அதற்கு மேலோ வாங்கி 0-6, 1-6 என்கிற மாதிரி முடிவதற்கான வாய்ப்பு, நூற்றுக்கு 3 என்று இருந்தது 17 ஆகிறது. ஆறில் ஒன்று.

லீக் ஆட்டமானால் கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும், இந்த விலை ஜாஸ்தி, அடக்கி ஆடுவதே புத்தி. நாக்-அவுட்டில் 0-3 தோற்றவனுக்கும் 0-6 தோற்றவனுக்கும் அதே பஸ்தான், அதே இரவு, புதிய பஸ் ஸ்டாண்டுக்கு. அட்டவணையில் வித்தியாசம் இல்லை. ஆகவே என் கருத்து: அன்றைக்கு நம் அணி இரண்டாம் பாதியில் ஆடியது தவறான ஆட்டம். பி.டி. சார் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் முன்னிலையிலேயே மரியாதையோடு சொல்கிறேன். இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோதே ஒரு ஸ்டாப்பர் பேக்கை உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஆனால் பையன்களையும் சாரையும் மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஏனென்றால் 0-6 என்பதற்கு விலை அட்டவணையில் இல்லாவிட்டாலும் வேறு இடத்தில் இருக்கிறது. மறுநாள் காலை கேன்டீனில். நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில். "ஆறு வாங்கிட்டு வந்திருக்கானுவோ, இவனுவளுக்கு பூட்ஸ் ஒரு கேடா?" என்று எழுதுவது யார்? அண்ணாச்சி, நாம்தான் எழுதுவோம். போன முறை ஒரு அணி ஐந்து வாங்கியபோது எழுதியும் இருக்கிறோம். எதிரணி அல்வா கொடுத்துவிட்டான் என்று திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா ஜோக். ஜெர்ஸிக்கும் பூட்ஸுக்கும் வருஷா வருஷம் பணம் கொடுக்கிறவர்கள் நாம். அடுத்த வருஷம் கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்று மதியம் பொதுக்குழுவில் பேசப் போகிறோம், அஜெண்டாவில் பார்த்தேன். அந்த 0-3 ஸ்கோரைக் காட்டி "பரவாயில்லை, கொடுக்கலாம்" என்பார்கள் சிலர். அதே 0-6 என்று இருந்திருந்தால்? பையன்கள் முட்டாள்கள் இல்லை. நூற்றுக்கு 4 கூடுதல் வாய்ப்புக்காக நம்மிடம் ஆறில் ஒரு பங்கு வசை வாங்க வேண்டுமா என்று பார்த்தார்கள், பெட்டிக்குள் போய் நின்றார்கள். என் கட்சி, பணம் கொடுக்க வேண்டும், ஸ்கோரைக் கேட்காமல் கொடுக்க வேண்டும். மதியமும் இதையே சொல்வேன்.

ஒரு தம்பி பின்னாலிருந்து "அரியருக்கும் இதே கணக்காண்ணே?" என்கிறான். இல்லடே. அரியருக்கு எதிரணி கிடையாது. உட்கார்ந்து படிக்கிற வழிதான்.

கணக்கு எதை விட்டுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் புள்ளியியல் பேராசிரியர் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 2010 ஜனவரி 10, ஆப்பிரிக்கக் கோப்பையின் தொடக்க ஆட்டம். அங்கோலாவின் சொந்த மண். 79-வது நிமிடம் வரை அங்கோலா 4, மாலி 0. முடிவு 4-4. கீட்டா இரண்டு, கனூட்டே ஒன்று, யட்டபாரே ஒன்று, அதில் கடைசி இரண்டும் கூடுதல் நேரத்தில். என் சூத்திரத்தின்படி இது பத்தாயிரத்தில் ஒன்று. கால்பந்தில் பத்தாயிரத்தில் ஒன்று என்று வருவதெல்லாம் அதைவிட அடிக்கடி நடக்கிறது. காரணம், பாய்சான் நினைப்பது போல ஒவ்வொரு கோலும் தனித்தனி அல்ல. ஒரு கோல் வாங்கிய அணி பின்னால் நகர்கிறது. பந்தை வெளியே தட்டுகிறது, பந்து திரும்பி அவர்களிடமே வருகிறது. இரண்டாவது வாங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். குதிரை உதைத்த செய்தி அடுத்த குதிரைக்குத் தெரியாது. கோல் விழுந்த செய்தி பதினோரு பேருக்கும் தெரியும்.

2015 டிசம்பர் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷமும் சென்னையின் அணிதான், மட்டராஸி பயிற்சியாளர். பட்டியலின் அடிமட்டத்திலிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து மேலே வந்தார்கள். சென்னை வெள்ளத்தில் கிடந்ததால் அரையிறுதியின் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள், கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். கொல்கத்தா தன் ஊரில் 2-1 என்று ஜெயித்தும் பாக்கி தீரவில்லை. இறுதி ஆட்டம் கோவாவில், கோவாவோடு. 87-வது நிமிடம் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் போட்டதும் கோவா 2-1. அரங்கமே கொண்டாடியது. 90-வது நிமிடம் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டாவது நிமிடம் மெண்டோசா. 3-2. அந்தச் சுய கோலுக்கும் மெண்டோசாவின் கோலுக்கும் சம்பந்தமில்லை என்று எந்தச் சூத்திரமும் என்னை நம்ப வைக்க முடியாது.

ஆக 2 என்பதும் 6 என்பதும் தரைமட்டம். நிஜம் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாகக் காற்று. என் தொழில் அதுதான், சொல்லாமல் இறங்கினால் செயலாளர் அண்ணாச்சியே கோபிப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து அடிக்கிறது. அதை நம்பித்தான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காத்தாடி நட்டிருக்கிறோம். நம் மைதானத்தின் கோல் கம்பங்கள் கிழக்கு மேற்காக நிற்கின்றன. ஆடி மாதம் மேற்கு நோக்கி ஆடுகிறவன் காற்றையும் சாயங்கால வெயிலையும் முகத்தில் வாங்குகிறான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பந்தைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் அவர் தலைக்கு மேலேயே திரும்பி வந்ததை நாமே பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் காற்றுக்கு எதிராக ஆடி இடைவேளையில் 0-3 என்று இருப்பது உண்மையில் 0-3 அல்ல. அன்றைக்கு 0.7, 0.7 என்ற என் கணக்கே செல்லாது. அடுத்த பாதியில் நம் எண் ஏறும், அவர்கள் எண் இறங்கும். பெட்டிக்குள் நிற்பதற்கு அன்றைக்குக் காரணமே கிடையாது.

டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது என்று கேப்டன் தம்பி காலையில் கேட்டான். 2019-லிருந்து விதி மாறியிருக்கிறது. டாஸ் ஜெயித்தவர் பக்கத்தையும் எடுக்கலாம், முதல் உதையையும் எடுக்கலாம். பழைய ஆட்கள் "முதல்ல காத்தை எதிர்த்து ஆடு, கால் தெம்பா இருக்கும்போதே கஷ்டத்தை முடிச்சுடு" என்பார்கள். நான் மாறாகச் சொல்வேன். அந்தி சாயச் சாயத் தரைமட்டக் காற்று இறங்கிவிடும், எங்கள் மீட்டரில் தினமும் பார்க்கிறேன். நாலு மணிக்கு ஆரம்பிக்கிற ஆட்டம் என்றால் பக்கத்தை எடு, முதல் பாதி கிழக்கே பார்த்து ஆடு. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு அதே காற்று கிடைக்காது. காலை ஆட்டமானால் இது பொருந்தாது, வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், அப்போது பழைய ஆட்கள் சொன்னதே சரி.

இருபது நிமிஷம் தாண்டிவிட்டது என்று தலைவர் மணி அடிக்கிறார்கள்.